பாப்பரசர் இடுப்பில் ஏறிய கயிறு

சிலுவை வெல்க. தேவமாதா கரை காட்டுக.

ஏழு துறையையும் ஒரு குடைக்கீழ் ஆளும் அம்மை, முத்துச் சலாபக் கடலுக்குக் காவலி, அலையெறியும் மணலெல்லாம் அடிபணியும் ஆழித்துறை நாட்டின் மதலேனா நாச்சியார் அவர்களின் திருமுன்னுக்கு வரும் ஓலை. தங்கள் கடல் கலங்காதிருக்க. தங்கள் தோணிகள் புறப்பட்ட கரைக்கே திரும்ப. தங்கள் குளியாளிகள் முங்கினபடியே மூச்சோடு எழ.

இதைச் சொல்லி எழுதுவிக்கிறவன் பெயர் யாகப்பன். தகப்பன் பெயர் தொம்மை. வயது இருபத்துநான்கு. புன்னைத்துறையில் பிறந்து, மீசை அரும்பும் முன்னே பிழைப்புக்காகக் கப்பலேறி, அந்நியர் மரக்கலப் பட்டறைகளில் அடியும் கஞ்சியும் வாங்கி அவர்கள் பாஷையைக் கற்றவன். இப்போது வெண்ணேரிப் பட்டணத்தில், ஒரு ரொட்டிக்கடையின் பின்புறத்து மாவுக்கிடங்கில் ஒளிந்திருக்கிறவன். தங்கள் தூதர் சந்தியாகுவுக்குத் துபாஷி. தூதரின் மனைவி பிரகாசி இவனுக்கு உடன்பிறந்த அக்காள்.

அரியணைக்குப் போகும் ஓலையில் சொல்லுகிறவன் தன்னை 'நான்' என்று சொல்லலாகாது, பிறன்போல வைத்தே சொல்ல வேண்டும் என்று தூதரோடு வந்து ஓலை எழுதும் மிக்கேல்பிள்ளை சொல்லுகிறார். ஆகையால் யாகப்பன் என்று வருமிடமெல்லாம் சொல்லுகிறவனே என்று கொள்க. ஆனால் துபாஷி அனுப்பும் ஓலையில் பேச்சு பேசினபடியே இருக்க வேண்டும் என்பது தங்கள் பாட்டனார் இட்ட கட்டளை. அதையும் மீறவில்லை.

தலையாய செய்தி முதலில். தூதர் சந்தியாகு உயிரோடிருக்கிறார். ஏரிக்கரைக் கோபுரத்தில் கையிலும் காலிலும் விலங்கோடு இருக்கிறார். சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளுக்கு முன்னே, 'இவன் என் தூதன். இவன் சொன்னது என் சொல்' என்று தங்கள் முத்திரையோடு ஒரு வார்த்தை வந்தால், அரியணையின் தூதனைத் தொடலாகாது என்ற முறைப்படி அவரை விடுவார்கள். வராவிட்டால் வேதத்தை மறுத்த பதிதன் என்று விறகின்மேல் ஏற்றுவார்கள். காற்று ஒத்தால், இந்த ஓலை போகவும் தங்கள் வார்த்தை வரவும் காலம் உண்டு. மட்டுமட்டாய் உண்டு.

இனி நடந்ததைச் சொல்லுகிறான். 

இரண்டு பாப்பரசர்மார் எதிரெதிராய் இருந்து ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் குருமார் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் செல்லாதென்றதும், ஒருவர் பக்கம் முடிந்த கலியாணத்தை மற்றவர் பக்கம் வைப்பென்று ஏசினதும், நம் துறைகளில் பாதிப் பெண்கள் நெற்றியில் அடித்துக்கொண்டதும் தாங்கள் அறிந்ததே. அந்த அழுக்கைக் கழுவத்தான் உலகத்து ஆயர்களாகிய மேற்றிராணிமாரெல்லாம் வெண்ணேரியில் பொதுச்சங்கம் கூடினார்கள். தாங்களும் தூது அனுப்பினீர்கள். பர்த்தலோமை மேற்றிராணியார் திருச்சபைக்காக, சந்தியாகு நாட்டுக்காக, யாகப்பன் சந்தியாகுவின் நாக்குக்காக.

தூதனுக்குத் துபாஷியாக அவன் மனைவியின் தம்பியே போகவேண்டும் என்ற நம் வழக்கத்தைக் கேட்டு இந்த ஊரார் சிரித்தார்கள். ஓலை வழியில் யார் கையில் சிக்கினாலும் விளங்கும்படி அதையும் சொல்லிவைக்கிறான். நம் கடலில் முங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். கயிற்றின் மறுதலையைத் தோணியில் இருந்து பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான். கூடப் பிறந்தவன் பிடித்தால் பங்கு மிஞ்சும் என்று கைதளர்வான். மச்சான் விட்டால் தாலி அறுவது அவன் அக்காளுக்கு. முங்கும் முன் மேலே இருக்கிறவன், "கயிறு கையில!" என்பான். முங்குகிறவன், "உயிர் கையில!" என்று பதில் சொல்லாமல் தண்ணீரில் இறங்கமாட்டான். அரியணை ஏறும்போது தங்கள் இடுப்பிலும் இதே கயிற்றைக் கட்டி, மறுதலையை ஏழு துறைக் கூட்டத்தின் கையில் கொடுக்கவில்லையா? அந்த வழக்கந்தான்.

சங்கம் கூடினது ஏரிக்கரையில் ஒரு தானியக் கிடங்கில். பட்டுத் திரைகளுக்குப் பின்னே எலி ஓடும். ஒரு பாப்பரசர் பெரியவரா, இத்தனை மேற்றிராணிமார் கூடின சங்கம் பெரியதா என்று மாதக்கணக்காய்ப் பேசினார்கள். பேச்சு என்றால் பேச்சு! கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதுபோல, சங்கத்தைக் கூட்டப் பாப்பரசருக்கே அதிகாரம், பாப்பரசர் யார் என்று தீர்க்கச் சங்கத்துக்கே அதிகாரம் என்று சுற்றிச் சுற்றி வந்து, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் ஒருமனப்பட்டு எழுந்து போவார்கள்.

சந்தியாகு பேசும் முறை வந்தது. தங்கள் தூதர் முன்னங்கையில் வெட்டுத்தழும்பும், காதில் கடல் அறைந்த மந்தமும் உள்ள குளியாளி என்பது அவர்களுக்கு வேடிக்கை. புறப்பட்ட நாளில் தாங்கள் இடுப்பில் கட்டி அனுப்பின கயிற்றை அவர் மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"சாமிமாரே, எங்க ஊர்ல எம்புட்டுப் பெரிய குளியாளியா இருந்தாலும் இடுப்புல கயிறு இல்லாம முங்கமாட்டான். கட்டிக்கிட்டா அவன் சின்ன ஆளுன்னு அர்த்தமில்ல. கீழ மூச்சு முட்டும்போது மனுசனுக்குப் புத்தி பேதலிக்கும். இன்னும் ஒரு சிப்பி, இன்னும் ஒண்ணுன்னு கை போய்க்கிட்டே இருக்கும். தானா மேல வரமாட்டான். மேல இருக்கவந்தான் இழுக்கணும். உங்க பாப்பரசர் எங்கள விட ஆழத்துல வேல செய்யுதாரு. அவருக்குக் கயிறு வேண்டாமா?"

யாகப்பன் இதை மொழிபெயர்த்து முடித்தான். முதல் வரிசையிலிருந்து கர்தினால் அல்தேமார் எழுந்தார். சங்கத்தின் கட்சியில் அவரைவிடத் தொண்டை கிழியப் பேசினவர் இல்லை. சிரித்த முகம், மோதிரங்களுக்கு நடுவே விரல்கள் தெரியாது.

"எனக்குக் கட்டிக் காட்டுப்பா" என்றார்.

சந்தியாகு கட்டினார். குளியாளி முடிச்சேதான், விளையாட்டு முடிச்சு அவருக்குத் தெரியாது. மறுதலையை யாகப்பன் கையில் கொடுத்தார்கள். கூப்பாடும் பதிலும் எப்படி என்று கர்தினால் கேட்டு, நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் கற்றுக்கொண்டார். யாகப்பன், "கயிறு கையில!" என்றான். கர்தினால் தம் மார்பில் அடித்துக்கொண்டு, "உயிர் கய்யில!" என்று கத்தினார். பிறகு சபையைப் பார்த்து, "நாளைக்கு நானே பாப்பரசர் ஆனாலும் இந்தக் கயிறு இங்கதான் இருக்கும். நீங்க பிடிச்சிருக்கணும்" என்றார். கிடங்கின் கூரை பெயரும்படி கைதட்டினார்கள். நம் பர்த்தலோமை மேற்றிராணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாகப்பன் பக்கத்திலிருந்து பார்த்தான்.

அந்த வாரமே தீர்மானம் எழுந்தது. பொதுச்சங்கத்தின் அதிகாரம் சேசுநாதரிடமிருந்து நேரே வருவதென்றும், பாப்பரசரேயானாலும் அதற்குக் கீழ்ப்படியக் கடவரென்றும், எந்தப் பாப்பரசரும் சங்கத்தைத் தன் மனம்போலக் கலைக்கலாகாதென்றும் எல்லாரும் எழுந்து நின்று சத்தியம் பண்ணினார்கள். இரண்டு பாப்பரசர்மாரும் இறக்கப்பட்டார்கள். அன்றைக்குச் சந்தியாகு யாகப்பனைத் தோளோடு அணைத்து, "மாப்ள, உங்க அக்கா இனிமே எனக்குப் பொண்டாட்டிதான், எவனும் இல்லைன்னு சொல்லமுடியாது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பே கடைசிச் சிரிப்பு என்று சொல்ல வந்தான், சொல்லமாட்டான்.

புதிய பாப்பரசரைத் தெரிந்தெடுக்கக் கர்தினால்மாரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். வெளியே தெருவில் குதிரைப் பந்தயம்போல எந்தக் கர்தினால் என்று பணம் கட்டினார்கள். கட்டினவர்களில் குருமாரும் உண்டு. பூட்டிய கதவுக்குள் போன சுட்ட வாத்தின் வயிற்றில் இன்னாருக்கு இன்ன மடம், இன்னாருக்கு இன்ன ஊர் என்று வாக்குறுதிகள் போயின. அந்த வாத்தைச் சுட்டவன் இந்த ரொட்டிக்கடைக்காரன். பரிசுத்த ஆவியானவர் புறாவாய் வருவார் என்று படித்திருக்கிறோம். இந்த ஊரில் வாத்தாய் வந்தார். மிக்கேல்பிள்ளை எழுத்தாணியை நிறுத்தி, இது ஓலைக்கு ஆகாது என்கிறார். எழுதும் என்று யாகப்பன் சொல்லுகிறான்.

கதவு திறந்தது. அல்தேமார் பாப்பரசர்.

முடிசூட்டின நாளில் கோவிலுக்குள் மெழுகு வாடையும் ஈரக் கம்பளி வாடையும் மூச்சை அடைத்தன. மேற்றிராணிமார் வரிசையாய் முழங்காலில் நகர்ந்துபோய் அவருடைய பாதரட்சையை முத்தமிட்டார்கள். முத்தமிட்ட வாயெல்லாம், பாப்பரசரும் சங்கத்துக்குக் கீழ்ப்படியக் கடவர் என்று சத்தியம் பண்ணின வாய். பாதரட்சையின் பட்டு எச்சிலில் நனைந்து கறுத்ததை யாகப்பன் கண்ணால் கண்டான். ஒரு சேவகன் துணியோடு நின்று, பத்துப் பேருக்கு ஒருதரம் துடைத்தான்.

பிறகு புதிய பாப்பரசர், முதல் பாப்பரசராகிய இராயப்பர் நாற்காலியின் படியில் ஏறக் கால் எடுத்துவைத்தார். அந்த நேரத்தில்தான் நம் ஆள் நம் நாட்டார் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார்.

கயிறு கட்டினவன் இறங்கும் முன் கூப்பாடு கொடுக்காவிட்டால் அது கொலைக்குச் சமம் அல்லவா? சந்தியாகுவுக்கு அது ஒரு கெட்டிக்காரத்தனமும் அல்ல, எதிர்ப்பும் அல்ல. ஒரு மனுஷன் தம்மிடம் கயிறு கட்டிக்கொண்டான், இப்போது ஆழத்துக்குப் போகிறான், அவ்வளவுதான். கயிறு யாகப்பன் மடியில் இருந்தது. யாகப்பனுக்கு நாக்கு எழவில்லை என்று கண்டு, தூதரே வாயைக் குவித்து, நடுக்கடலில் கூவுகிறாற்போலக் கூவினார்.

"கயிறு கையில!"

கோவில் முழுதும் எதிரொலித்து அடங்கிற்று. பாப்பரசர் படியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். அவர் உதடு அசைந்ததை யாகப்பன் பார்த்தான். பதில் அவர் வாய்வரைக்கும் வந்தது, நாச்சியாரே, சத்தியமாய் வந்தது. வந்ததை விழுங்கினார். விழுங்கிவிட்டுச் செயலரைப் பார்த்து, நிதானமாய்ச் சொன்னார்.

"இந்த மனுஷனை நான் அறியேன்."

சேவல் கூவுமுன் சேசுநாதரை மறுதலித்த இராயப்பர் சொன்ன வார்த்தை அல்லவா அது? அந்த இராயப்பர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் வேறெந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் யாகப்பன் பொறுத்திருப்பான்.

காவலர் வந்து பிடித்தார்கள். சந்தியாகுவுக்கு என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை. இழுபட்டுக்கொண்டே, "என்ன சொன்னாருல?" என்று கேட்டார். யாகப்பன் சொன்னான். அவர் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா. நாற்காலில உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ராயப்பர் வேலைய ஆரம்பிச்சிட்டாரே! ஒரு சேவலப் பிடிச்சிட்டு வாங்கல" என்றார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். யாகப்பன் மொழிபெயர்க்கவில்லை. இவன் தூதர் சொன்னதை மொழிபெயர்க்காமல் விட்டது அந்த ஒருதரந்தான்.

அதற்குப் பிறகு யாகப்பன் வீடுவீடாய்ப் போனான். கிடங்கில் கயிறு கட்டினதைப் பார்த்தோம் என்று சொல்ல ஒரே ஒரு மேற்றிராணியார் போதும் என்று போனான். ஒருவர் அன்றைக்குத் தமக்கு வயிற்றுப்போக்கு, சபைக்கே வரவில்லை என்றார். அவர்தான் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினவர். இன்னொருவர், "தட்டினேன், இல்லேங்கல. குளிருக்குத் தட்டினேன்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு கோணலும் இல்லை. மூன்றாமவர் வயதானவர், சங்கத்துக்காகத் தடிதடியாய் நூல்கள் எழுதினவர். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, நான் எழுதினது நிசந்தான். ஆனா சங்கம் நாளைக்குக் கலைஞ்சு அவனவன் ஊருக்குப் போயிருவான். பாப்பரசர் இருப்பாரு. ஊருக்குப் போனபெறகு எனக்கு யாரு இருக்கா?"

யாகப்பன் அவரிடம் கோபப்படவில்லை. வெளியே வந்து ஏரிக்கரையில் வாந்தி எடுத்தான்.

மறுநாளே பாப்பரசர் சங்கத்தைக் கலைத்தார். தன் மனம்போலக் கலைக்கலாகாது என்று சத்தியம் பண்ணினவர்கள் அத்தனை பேரும், "ஆமென்" என்றார்கள். கலைத்ததற்கு நன்றிப் பாட்டும் பாடினார்கள்.

கடைசியில் நம் பர்த்தலோமை மேற்றிராணியாரிடம் போனான். அவர் மேசையில் ஏரிமீன், நெய்யில் மிதந்தது. முள்ளைத் துப்பிக்கொண்டே பேசினார்.

"லே யாகப்பா, வா, உக்காரு. சாப்பிடுதியா?"

"சாமி, அத்தானுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருந்தீய. கண்ணத் தொடச்சீய."

"பொகை, லே. அந்தக் கிடங்குல ஒரே பொகை." இன்னொரு துண்டு எடுத்தார். "அவனுக்கு யாரு கத்தச் சொன்னா? கோயிலுக்குள்ள, மீன் ஏலம் போடுத மாரி! நான் எம்புட்டுச் சிரமப்பட்டு நாட்டுக்கு நல்லது பண்ணிட்டிருக்கேன், தெரியுமா ஒனக்கு?"

அந்த நல்லது இன்னதென்று அவரே சொன்னார். அதைத் தாங்கள் கவனமாய்க் கேட்க வேண்டும். பாப்பரசரிடமிருந்து தங்களுக்கு ஒரு திருமுகம் வரும். கொண்டுவருகிறவர் இந்த மேற்றிராணியாரே. அதற்குள் இவர் தலையில் கர்தினாலின் சிவப்புத் தொப்பியும் ஏறியிருக்கும். தாங்கள் பாப்பரசரைச் சங்கத்துக்கு மேற்பட்டவர் என்று ஒப்புக்கொண்டால், அவர் தங்களை ஏழு துறைக் கூட்டத்துக்கு மேற்பட்டவர் என்று ஒப்புக்கொள்வார். தங்கள் இடுப்பில் கட்டின கயிற்றைப் பாவம் என்று கண்டித்து, அந்தச் சத்தியத்திலிருந்து தங்களை விடுவிப்பார். பதிலுக்குத் தாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சந்தியாகு யார் என்று கேட்கும்போது, அறியேன் என்று சொன்னால் போதும்.

"நாச்சியாருக்கு லாபம், எனக்குத் தொப்பி, நாட்டுக்குப் பாப்பரசர் தயவு" என்று மேற்றிராணியார் விரலை நக்கினார். "ஒரு குளியாளி போனா, கடல்ல எத்தன குளியாளி."

யாகப்பன் வாசற்படி தாண்டினதும் காறித் துப்பினான். மிக்கேல்பிள்ளை, இதை 'மனம் வருந்தினான்' என்று எழுதட்டுமா என்று கேட்கிறார். காறித் துப்பினான் என்றே எழுதும்.

கோபுரத்துக்குப் போனதையும் சொல்லவேண்டும். இறக்கப்பட்ட பழைய பாப்பரசர் ஒருவர் அதே கோபுரத்தின் மேல்மாடியில் இருக்கிறார். அவருக்குக் கணப்புச் சட்டியும், நாய்க்குட்டியும், சமையற்காரனும் உண்டு. பாப்பரசராய் இருந்தவர் எவ்வளவு கெட்டவரானாலும் பெரிய இடத்துச் சமாசாரம். கீழே ஏரித் தண்ணீர் கசியும் அறையில் தங்கள் தூதர். மேலே எலும்பு தின்கிற நாயின் சத்தம் அவருக்குக் கேட்கும்.

பாப்பரசரின் செயலர் கேட்டது ஒன்றே. அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து, ஊரார் பார்க்கத் தூதர் தம் கையாலேயே அறுத்தெறிய வேண்டும். அறுத்தால் அன்றைக்கே கப்பலேறலாம். யாகப்பன் அதைச் சொல்லி அவர் காலைப் பிடித்தான்.

"அறுத்துட்டு வந்துருங்க அத்தான். வெறும் கயிறு. அக்காவ நெனச்சுப் பாருங்க."

"வெறும் கயிறுன்னா அவன் எதுக்குல பயப்படுதான்?"

"அவன் பயப்படல. நாந்தான் பயப்படுதேன்."

"நீ எப்பமும் பயந்தாங்கொள்ளிதான். பயப்படுதவன் பிடிதான் கெட்டியா இருக்கும்னு தொம்மை மாமா சொல்லுவாரு. அதான் ஒன்னயக் கூட்டிட்டு வந்தேன்." விலங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான் மாப்ள தப்புப் பண்ணிட்டேன். அவனுக்குக் கட்டுனது தப்பில்ல. மறுதலைய எவன் கையில குடுக்கோம்னு பாக்கல. இத்தன மேற்றிராணிமாரும் கயிறப் பிடிச்சாவதான். ஆனா ஒருத்தனும் மச்சான் இல்ல. முங்குனவன் செத்தா இவனுவள்ள எவன் வீட்டுல தாலி அறும்? அப்படிப்பட்டவன் கையில கயிறு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

"அதுக்கு நீங்க ஏன் சாவணும்?"

"நான் எங்கல சாவப் போறேன்? எங் கயிறு அங்கனல்லா இருக்கு" என்று தெற்கே கை காட்டினார். அந்த அறையில் தெற்கு எது என்று யாருக்குத் தெரியும்? சுவரைத்தான் காட்டினார். "நாச்சியார் அறிவாவ. என் இடுப்புல கட்டி அனுப்புனதே அவியதான. நீ ஓலை அனுப்பு. அழுது வடிக்காம எழுது. மரியாதையா எழுது."

மரியாதையாய் எழுத முயன்றான். முடிந்தமட்டும் எழுதினான்.

செயலரின் ஆட்கள் கயிற்றைத் தேடுகிறார்கள். அதை எரித்துவிட்டால் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும் என்று நினைக்கிறார்கள். யாகப்பன் அதைச் சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே கிடக்கிறான். கடைக்காரன் நல்லவன், ஆனால் கதவு தட்டப்படும்போதெல்லாம் அவன் முகம் வெளுக்கிறது. எத்தனை நாள் வெளுப்பான் என்று தெரியாது. ஓலை நனைந்துவிடுமோ, இதைக் கொண்டுபோகும் கப்பல் முந்துமோ, சிவப்புத் தொப்பி முந்துமோ என்று யாகப்பன் நடுங்குகிறான். தொப்பி முந்தினால், அதன் வாயிலிருந்து தேனாய் வரும். தாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்த ஓலையின் நெடி தங்களுக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே அசிங்கத்தை அசிங்கமாய்ச் சொன்னான். பொறுத்தருள்க.

சங்கம் பெரியதா பாப்பரசர் பெரியவரா என்று யாகப்பனுக்குத் தெரியாது. இரண்டையும் கிட்டத்தில் பார்த்தான்; இரண்டும் நாறுகின்றன. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆழத்தில் ஒரு மனுஷன் இருக்கிறான். கயிற்றின் மறுதலை தங்கள் கையில் இருக்கிறது. கயிற்றைத் தங்கள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொள்ள ஒருவர் ஆசை காட்டி வருகிறார். அவிழ்த்தால் தங்களுக்கு எத்தனை வசதி என்று யாகப்பன் அறியாதவனல்லன். அவிழ்த்த கையால் ஆழத்தில் இருப்பவரை இழுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லுகிறான்.

தூதரின் முத்திரை மோதிரத்தை மேற்றிராணியார் வாங்கி வைத்துக்கொண்டார். ஆகையால் இவ்வோலைக்கு அரக்கும் இல்லை, முத்திரையும் இல்லை. ஓலை நறுக்குகளைச் சேர்த்துக் கட்டியிருப்பது, இப்போது யாகப்பன் இடுப்பிலிருந்து எடுத்த அந்தக் கயிறேதான். பாப்பரசர் இடுப்பில் ஏறியிறங்கின கயிறு. முடிச்சு குளியாளி முடிச்சு. ஏழு துறையிலும் எந்தக் குளியாளியைக் கூப்பிட்டுக் காட்டினாலும் இது யார் போட்ட முடிச்சு என்று சொல்லுவான். கோபுரத்துக்கு யாகப்பன் ஒளித்துக் கொண்டுபோன கயிற்றில், விலங்கிட்ட கையால் சந்தியாகுவே போட்டுத் தந்தது; அதை அவிழ்க்காமல் அதன் கண்ணிக்குள் ஓலை செருகியிருக்கிறது. இதுவே முத்திரையாகக் கடவது. இதை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் மாத்திரம் அவிழ்க்க. அறுத்துத் திறக்கலாகாது.

மிக்கேல்பிள்ளை எழுத்து. யாகப்பன் சொல்.

இனி இது அரியணைக்கு அல்ல. சபையில் இவ்வோலையை எடுத்து வாசிக்கிறவர் யாரோ, அவருக்கு.

ஐயா, நீங்கள் யாரென்று யாகப்பனுக்குத் தெரியாது. வாசிக்கும்போது தூண் ஓரமாய், முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். அவள் பிரகாசி. விறகு என்று வரும் இடத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வாசியுங்கள். எல்லாம் வாசித்து முடித்தபிறகு, நாச்சியார் வாய் திறக்கும் முன்னே, அரியணையைப் பார்த்து ஒருதரம் உரக்க, "கயிறு கையில!" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பதில் வருகிறவரைக்கும் உட்காராதேயுங்கள்.